இறுதிப் பாகத்தை மூடிவைத்த பின்

பல ஆண்டுகளாக நேசித்து வாசித்த விஞ்ஞானப் புனைகதைத் தொடரொன்றின் கடைசி நாவலை முடித்துவிட்டு, அது பிடித்திருந்ததா என்று கேட்பவருக்கு உடனே விடை சொல்ல இயலாமல் தடுமாறுபவர்களுக்காக இதனை எழுதுகிறேன். முதலாவதாக, அன்றிரவே நண்பர்களின் வட்ஸ்அப் குழுவில் தீர்ப்பு வழங்கிவிடாதீர்கள். ஒரு வாரமாவது பொறுத்திருங்கள். முதல் நாளில் நாம் எழுதுவதில் நாவலைவிடப் பிரிவுத்துயரே மேலோங்கி நிற்கும்.

கொழும்பில் வாழும் நமக்கு இதற்கான உதாரணம் அருகிலேயே இருக்கிறது. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்து, 2008 மார்ச்சில் இந்நகரிலேயே காலமாகி, பொரளை கனத்தை மயானத்தில் அடக்கம் செய்யப்பட்ட ஆர்தர் சி. கிளார்க்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ 1968இல் வெளியானது, அத்தொடரின் நான்காவதும் கடைசியுமான ‘3001’ வெளிவந்தது 1997இல். முதல் நாவலில் உயிரிழந்த பிராங்க் பூல், ஆயிரம் ஆண்டுகளின் பின் விண்வெளியில் கண்டெடுக்கப்பட்டு உயிர்ப்பிக்கப்படுவதையும், 36,000 கிலோமீற்றர் உயரக் கோபுரங்களில் மனிதர் வாழும் அந்நியமான உலகத்துடன் அவர் மெல்ல மெல்லப் பழகுவதையும் நான் பேருவகையுடன் வாசித்தேன். ஆனால் வேற்றுலகவாசிகள் அமைத்து, தொடர் முழுவதும் மர்மமாக நின்ற அந்தக் கரிய பாளத்தின் கதை கணினி வைரஸ் ஒன்றினால் முடித்துவைக்கப்பட்டதை என் மனம் ஏற்க மறுத்தது.

இத்தகைய நிலையில், ஒரு கொப்பியின் பக்கத்தை நடுவே கோடிட்டுப் பிரித்து, நாவலில் உண்மையாகவே காணப்படும் குறைகளை இடப்புறத்திலும், நீங்கள் எதிர்பார்த்திருந்து கிடைக்காதவற்றை வலப்புறத்திலும் எழுதுங்கள். என் பக்கத்தில் இடப்புறம் மூன்று வரிகளே இருந்தன. முடிவு அவசரமானது என்பது அவற்றுள் முதலாவது. வலப்புறமோ நிரம்பிவிட்டது. பாளத்தை அமைத்தவர்கள் நேரில் தோன்றியிருக்க வேண்டும் என்று அங்கே எழுதியிருந்தேன். அப்படியொரு வாக்குறுதியை ஆசிரியர் எங்கே தந்தார் என்று தேடியபோது, அதைத் தந்தது என் கற்பனையே என்று புரிந்தது.

அடுத்து, நாம் வழக்கமாகத் தாண்டிச் செல்லும் ஆசிரியர் குறிப்புகளை ஆறுதலாக வாசியுங்கள். முதல் நாவலின் விண்கலம் சனிக்குச் செல்கிறது. அதே பெயரில் வந்த திரைப்படத்தில் அது வியாழனுடன் நின்றுவிடுகிறது. 1982இல் வந்த இரண்டாம் நாவல், தனக்கு முந்திய நாவலை விட்டுவிட்டுத் திரைப்படத்தையே பின்பற்றுகிறது. இடையில் 1979இல் வொயேஜர் விண்கலங்கள் வியாழனின் நிலவுகளைப் படம்பிடித்து அனுப்பியிருந்தன. இந்நாவல்கள் ஒரே கருப்பொருளின் மாறுபட்ட வடிவங்கள் என்றும், அவை ஒரே பிரபஞ்சத்தில் நிகழ்ந்தவையாக இருக்க வேண்டியதில்லை என்றும் மூன்றாம் நாவலின் குறிப்பில் கிளார்க் வெளிப்படையாகவே சொல்கிறார். அதை முன்னரே வாசித்திருந்தால் என் கோபத்தில் பாதி எழுந்தேயிராது. (இரண்டாம் நாவல் ஒரேயொரு நெகிழ்வட்டில் கொழும்பிலிருந்து நியூயோர்க்குக்கு அனுப்பப்பட்டது என்பதையும், கடைசித் திருத்தங்கள் பாதுக்கை செய்மதித் தொடர்பு நிலையம் வழியாகச் சென்றன என்பதையும் இத்தகைய குறிப்பொன்றிலிருந்தே அறிந்தேன். பாதுக்கைப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அது நினைவுக்கு வருகிறது.)

அதன் பின் முதல் நாவலின் முதல் அத்தியாயத்தை மட்டும் மீண்டும் வாசியுங்கள். அது இன்னமும் உங்களை ஈர்க்கிறதென்றால், இறுதிப் பாகம் எதையும் கெடுத்துவிடவில்லை. வேறொரு தொடரை அவசரமாகத் தொடங்க வேண்டாம். முந்தியதன் மீதுள்ள மனத்தாங்கலைப் புதியது சுமக்க நேரிடும்.

யாரேனும் கேட்டால் இரு பாதிகளையும் சேர்த்தே சொல்லுங்கள். “மாமா, கடைசிப் புத்தகத்தையும் வாசிக்கத்தான் வேணுமா?” என்று அக்காவின் மகன் அண்மையில் கேட்டான். பூல் கண்விழிக்கும் பகுதியை அவசரப்படாமல் வாசிக்கும்படியும், முடிவை எட்டியதும் கொப்பியொன்றுடன் என்னிடம் வரும்படியும் சொல்லி, நான்கு நாவல்களையும் அவனிடம் கொடுத்தேன்.