இணையவழியில் நிலவியல் முதற்பாடம்: வடசென்னையில் இருந்து படிப்பவருக்கான செய்முறை

கல்லூரி அளவிலான நிலவியல் முதற்பாடத்தை, அதாவது ஃபிசிகல் ஜியாலஜியை, தண்டையார்பேட்டையில் வீட்டில் இருந்தபடியே இணையம் வழியாக முடித்தேன். புவித்தட்டு நகர்வு, எரிமலை, நிலநடுக்கம் ஆகிய பாடங்கள் காணொளியில் நன்றாகவே புரிகின்றன. கனிமங்களையும் பாறைகளையும் அடையாளம் காணும் ஆய்வகப் பகுதியில்தான் இணையத்தில் படிப்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். கல்லைக் கையில் எடுக்காமல் அந்தப் பகுதியைக் கற்க முடியாது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே இந்த விளக்கத்தின் பெரும்பகுதி அதற்கே போகிறது. கணக்குத் தொடங்குவது, காணொளி பார்ப்பது போன்றவற்றை இங்கே விளக்கவில்லை.

முதற்படி: பாடத்தைத் தேர்ந்தெடுத்தல்

இந்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்தில் சேர்வதற்குக் கட்டணம் இல்லை. சான்றிதழ்த் தேர்வு எழுதுவதற்கு மட்டுமே பணம் கட்ட வேண்டும். அந்தத் தேர்வைத் தேர்வு மையத்துக்கு நேரில் சென்று எழுத வேண்டும். ஐஐடிகள் ஸ்வயம் வழியாகப் பாடம் நடத்தும் திட்டமான என்பிடெல் வழங்கும் பெரும்பாலான பாடங்களில் வாராந்திர அசைன்மென்ட்டுகளுக்கு 25 விழுக்காடும் இறுதித் தேர்வுக்கு 75 விழுக்காடும் ஒதுக்கப்படுகின்றன. 12 வாரப் பாடமாக இருந்தால், அதிக மதிப்பெண் பெற்ற 8 அசைன்மென்ட்டுகளின் சராசரியே கணக்கில் வரும். ஓரிரு வாரம் தவறினாலும் பாடத்தைக் கைவிடத் தேவையில்லை என்பதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

கல்லூரியில் படித்துக்கொண்டே இதைக் கிரெடிட்டுக்காக எடுப்பவர்கள், சேர்வதற்கு முன்பே துறைத் தலைவரிடம் எழுத்துவடிவில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியாகப் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021ஆம் ஆண்டு விதிமுறை அனுமதிக்கிறது. ஆயினும் எந்தப் பாடத்தை ஏற்பது என்பதைக் கல்லூரிதான் முடிவு செய்யும். பாடம் முடிந்த பிறகு சான்றிதழோடு போய் நின்றால் பேச்சு எடுபடுவதில்லை.

ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இரு பருவங்கள் உண்டு. வடசென்னையில் இருப்பவர்களுக்கு நான் ஜனவரிப் பருவத்தையே பரிந்துரைக்கிறேன். ஜூலைப் பருவத்தில் 12 வாரப் பாடம் எடுத்தால் இறுதித் தேர்வு வடகிழக்குப் பருவமழை நாட்களை ஒட்டி வரும். சாலையில் தண்ணீர் நிற்கும் நாளில் வியாசர்பாடியில் இருந்தோ எண்ணூரில் இருந்தோ தேர்வு மையத்துக்குப் போய்ச் சேர்வது எளிதல்ல.

இரண்டாம் படி: நூலும் கருவிகளும்

ஸ்டீவன் ஏர்ல் எழுதிய ‘ஃபிசிகல் ஜியாலஜி’ என்னும் திறந்தநிலைப் பாடநூல் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் மேற்குக் கனடாவைச் சார்ந்தவை என்றாலும், பயிற்சிக் கேள்விகள் மிகத் தெளிவாக அமைந்திருப்பதால் பாடத்துக்குத் துணைநூலாக நான் அதையே விரும்புகிறேன். கணினியில் கூகுள் எர்த் ப்ரோவை நிறுவிக்கொள்ளுங்கள். கைப்பேசிச் செயலியை விட அதுவே இந்தப் பாடத்துக்கு ஏற்றது. இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் பூகோஷ் தளத்தில் நம் பகுதியின் நிலவியல் வரைபடங்களைப் பார்க்கலாம்.

குறிப்புகளைத் தாளில், கையால் எழுதுங்கள். தட்டு எல்லைகள், பாறை மடிப்புகள், பாறை பிளந்து நகர்ந்த பிளவுப்பெயர்ச்சிகள் ஆகியவற்றின் குறுக்குவெட்டுப் படங்களை வண்ணப் பென்சிலால் வரைந்து பார்த்தால்தான் எந்தப் பக்கம் மேலேறியது, எந்தப் பக்கம் கீழிறங்கியது என்பது மனத்தில் நிற்கிறது. தேர்வு ஆங்கிலத்தில் நடப்பதால், கலைச்சொற்களை ஆங்கிலத்திலும் அவற்றின் விளக்கத்தைத் தமிழிலும் எழுதிவைக்கும் முறை எனக்கு மிகவும் கைகொடுத்தது.

மூன்றாம் படி: கனிமப் பெட்டியைத் திரட்டுதல்

இணையத்தில் விற்கப்படும் கனிமப் பெட்டிகளின் விலை அதிகம். அவற்றில் வரும் துண்டுகள் பல, உடைத்துப் பார்க்க முடியாத அளவுக்குச் சிறியவை. அதைவிட நல்ல பெட்டியைப் பாரிமுனைப் பக்கம் ஒருமுறை போய்வந்தே திரட்டிவிடலாம். கந்தகோட்டத்துக்கு அருகே ராசப்ப செட்டித் தெருவில் உள்ள நாட்டு மருந்துக் கடைகளில் இந்துப்புக் கட்டி, அப்பிரகத் தகடு, காவிக்கல், காந்தக்கல், கற்பூர சிலாசத்து ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். பாடநூலில் இவை முறையே ஹாலைட், மைக்கா, ஹெமடைட், மேக்னடைட், ஜிப்சம் என்ற பெயர்களில் வரும். பொடியாக வேண்டாம், கட்டியாகத்தான் வேண்டும் என்பதைக் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; இல்லையென்றால் மருந்துக்கு என்று நினைத்து இடித்தே கொடுத்துவிடுவார்கள்.

அதே கடைகளில் தாளகம், மனோசிலை, லிங்கம், கல்நார் ஆகியவையும் கிடைக்கக்கூடும். முதல் இரண்டிலும் ஆர்செனிக் இருக்கிறது. லிங்கத்தில் பாதரசம் இருக்கிறது. கல்நார் என்பது ஆஸ்பெஸ்டாஸ், அதன் இழைத்தூசி நுரையீரலைக் கெடுக்கும். நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இவற்றை வாங்க வேண்டாம். முதற்பாடத்துக்கு இவை தேவையும் இல்லை.

மீதியை அக்கம்பக்கத்திலேயே சேர்த்துவிடலாம். மார்பிள் கடையில் கழித்துப் போடும் உடைந்த துண்டு கால்சைட்டுக்கு ஆகும். உடைந்த மாக்கல் சட்டியின் ஓடு டால்க்குக்கு ஆகும். குவார்ட்ஸுக்கு ஜல்லிக் குவியலில் கிடக்கும் வெங்கச்சங்கல் போதும். இளஞ்சிவப்பு கிரானைட் துண்டு ஒன்று கிடைத்தால் ஃபெல்ட்ஸ்பாரும் வந்துவிடும். இவற்றோடு பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் நகைக்கடை லென்ஸ், சிறிய கண்ணாடித் துண்டு, செம்புக் கம்பி, இரும்பு ஆணி, காந்தம், வினிகர் ஆகியவை இருந்தால் பெட்டி நிறைவாகிவிடும். கண்ணாடித் துண்டின் ஓரத்தைக் கடையிலேயே தேய்த்து வாங்கிவிடுங்கள்.

நான்காம் படி: சோதனைகள்

1812இல் கனிமவியலாளர் ஃபிரெட்ரிக் மோஸ் வகுத்த கடினத்தன்மை வரிசை டால்க்கில் 1 எனத் தொடங்கி வைரத்தில் 10 என முடிகிறது. எண் கூடியது எண் குறைந்ததைக் கீறும். நகத்தின் கடினத்தன்மை சுமார் 2.5, செம்பு சுமார் 3, கண்ணாடி சுமார் 5.5. ஆகவே சிலாசத்தை நகமே கீறும். மார்பிளை நகம் கீறாது, ஆணி கீறும். வெங்கச்சங்கல் கண்ணாடியையே கீறிவிடும்.

கேட்பதற்கு எளிமையாக இருக்கும் இந்தச் சோதனையில்தான் தவறான விடைகள் மிகுதியாக வருகின்றன. மென்மையான கல்லைக் கண்ணாடியில் அழுத்தி இழுத்தாலும் வெண்மையான கோடு ஒன்று விழும். அது கீறல் அல்ல. கல் தேய்ந்து ஒட்டிய பொடி. விரலைத் தண்ணீரில் நனைத்துக் கோட்டைத் துடையுங்கள். பொடியாக இருந்தால் மறைந்துவிடும். கீறலாக இருந்தால் நகத்தை அதன் குறுக்கே ஓட்டும்போது சிறிய பள்ளம் தட்டுப்படும். ஒவ்வொரு முறையும் துடைத்து, நகத்தால் தடவிப் பார்த்த பிறகே எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பொடிநிறம். கனிமத்தை மெருகிடாத வெண்பீங்கானில் தேய்த்தால் விழும் கோட்டின் நிறம், கனிமத்தின் மேல்நிறத்தை விட நம்பத்தகுந்தது. காவிக்கல் செம்பழுப்புக் கோட்டையும் காந்தக்கல் கருங்கோட்டையும் தரும். தனியாகப் பீங்கான் தகடு வாங்கத் தேவையில்லை. பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடி வளையம் மெருகில்லாமல் சொரசொரப்பாக இருக்கும், அதில் தேய்க்கலாம்.

மூன்றாவதான பிளவுத்தளம், அதாவது கனிமம் உடையும்போது தட்டையாகப் பிளக்கும் பரப்புதான், இந்தப் பாடத்திலேயே அதிகப் பொறுமையைக் கேட்பது. இந்துப்புக் கட்டியைப் பழந்துணியில் சுற்றி, சுத்தியால் மெதுவாகத் தட்டுங்கள். துணியைப் பிரித்தால் பெரிய துண்டுகளிலும், லென்ஸில் மட்டுமே தெரியும் சிறு துகள்களிலும் ஒரே மாதிரியான செங்கோண மூலைகள் இருக்கும். மூன்று திசைகளில், ஒன்றுக்கொன்று செங்குத்தாக உடையும் தன்மை அது. அப்பிரகத்துக்கு ஒரே திசைதான்; வெங்காயத் தோலைப் போல ஏடு ஏடாக உரியும். கால்சைட்டுக்கும் மூன்று திசைகள் உண்டு, ஆனால் கோணம் சாய்ந்திருக்கும். வெங்கச்சங்கல்லுக்குப் பிளவுத்தளமே கிடையாது. உடைந்த இடம் சங்கின் உட்புறம்போல வளைந்திருக்கும்.

குவார்ட்ஸ் படிகத்தின் படத்தைப் பார்த்தவுடன் அதன் ஆறு தட்டையான முகங்களைப் பிளவுத்தளம் என்று எழுதத் தோன்றும். அவை படிகம் வளர்ந்தபோது உருவான முகங்கள். உடைந்ததால் உண்டானவை அல்ல. கல் கையில் இருந்தால் விளக்கின் கீழ் மெல்லத் திருப்பிப் பார்க்கலாம்: பிளவுத்தளமாக இருந்தால் வெவ்வேறு உயரத்தில் உள்ள சிறு படிகள் எல்லாம் ஒரே கணத்தில் மின்னி, ஒரே கணத்தில் அணையும். இணைய ஆய்வகத்தில் படத்தைத் திருப்ப முடியாததால், உடைந்த ஓரத்தில் இணையான படிக்கட்டுக் கோடுகள் தெரிகின்றனவா என்று பெரிதாக்கித் தேட வேண்டும். வீட்டில் இந்துப்பையும் மார்பிளையும் திருப்பிப் பழகிய கண்ணுக்கு அந்தக் கோடுகள் படத்திலும் உடனே பிடிபடும்.

கால்சைட்டைக் கண்டறியும் வினிகர் சோதனைக்கு, முதலில் கல்லின் மேற்பரப்பை ஆணியால் சுரண்டிப் பொடியாக்கி, அதன்மேல் ஒரு சொட்டு விட்டு லென்ஸ் வழியாகக் குமிழிகளைத் தேடுங்கள். காசிமேட்டில் கிடைக்கும் கிளிஞ்சலில் பழகிவிட்டு மார்பிளுக்குப் போகலாம். கல்லூரி ஆய்வகத்தில் பயன்படுத்துவது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்பதற்காகக் கழிப்பறை கழுவும் ஆசிட்டை ஒருபோதும் எடுக்காதீர்கள்.

ஐந்தாம் படி: பாறைகளை நேரில் பார்த்தல்

வடசென்னையில் நம் காலடியில் இருப்பது ஆறும் கடலும் கொண்டுவந்த மணலும் களிமண்ணும்தான். பாறை வெளியே தெரிவதில்லை. ஆனால் ராயபுரத்தில் இருந்து எண்ணூர் வரை கரையோரம் கொட்டியிருக்கும் கருங்கற்கள் நமக்கு நல்ல ஆய்வகம். சென்னையைச் சுற்றியுள்ள குவாரிகளில் சார்னோக்கைட் என்னும் பாறை மிகுதி. சற்றே எண்ணெய்ப் பளபளப்போடு, பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் தெரியும் கற்களைக் கவனியுங்கள். கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் 1893இல் இந்தப் பாறைக்குச் சார்னாக்கின் பெயரையே சூட்டினார். அதே வகைப் பாறைக்குப் பல்லாவரம் பேர்போனது; கடற்கரை நிலையத்தில் மின்சார ரயில் ஏறினால் போய்ப் பார்த்துவிடலாம். அலை மோதும் இடத்தில் கற்களின் மேல் ஏற வேண்டாம், பாசி வழுக்கும்.

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நிலவியல் பிரிவுக்கும் அவசியம் போய்வாருங்கள். பாறை வகைகள் பாடத்தை முடித்துவிட்டுப் போனால், பெயர்ப்பலகையைப் பார்க்காமல் முதலில் நீங்களே பெயர் சொல்லிப் பார்க்கலாம். சமையலறை மேடையில் உள்ள கறுப்பு ‘கிரானைட்’ பெரும்பாலும் நிலவியல் பொருளில் கிரானைட் அல்ல என்பதையும் அப்போது உணர்வீர்கள். வணிகத்தில் கடினமான, மெருகேறும் கற்கள் பலவற்றுக்கும் அந்தப் பெயரே வழங்குகிறது.

ஆறாம் படி: வரைபடமும் காலக்கணக்கும்

கடலோரச் செயல்பாடுகள் பற்றிய அசைன்மென்ட்டுக்கு வெளிநாட்டுக் கடற்கரையைத் தேட வேண்டாம். 1870களில் சென்னைத் துறைமுகத்தின் கட்டுமானம் தொடங்கியது. கரையை ஒட்டி வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்த மணலை அதன் சுவர்கள் தடுத்தன. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது, வடக்கே மணல் வரத்துக் குறைந்து ராயபுரம், திருவொற்றியூர்க் கரைகள் அரிக்கப்பட்டன. கூகுள் எர்த் ப்ரோவில் பழைய செயற்கைக்கோள் படங்களை ஆண்டுவாரியாக நகர்த்தி, கரையில் இருந்து கடலுக்குள் நீளும் கற்சுவர்களான தூண்டில் வளைவுகளின் தென்புறத்திலும் வடபுறத்திலும் மணல் எப்படி மாறுகிறது என்பதை அளவுகோல் கருவியால் அளந்து எழுதினால், அது பாடநூல் படத்தை விடச் சிறந்த விடையாக அமையும்.

காலக்கணக்கில் மில்லியன், பில்லியன் என்று குழம்பாமல் கோடியில் எழுதிப் பழகுங்கள். பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டுகள். பொட்டாசியம் 40 என்னும் ஐசோடோப்பின் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், 125 கோடி ஆண்டுகள். கனிமத்தில் அதன் கால்பங்கு மட்டுமே எஞ்சியிருந்தால் இரண்டு அரை ஆயுள், அதாவது 250 கோடி ஆண்டுகள் கடந்திருக்கின்றன. சென்னைச் சார்னோக்கைட்டின் வயதும் ஏறக்குறைய அதுவே. கார்பன் 14இன் அரை ஆயுள் 5,730 ஆண்டுகள் மட்டுமே. ஆகவே இவ்வளவு பழைய பாறைக்கு அது உதவாது. ஆனாலும் தேர்வின் விடைத் தெரிவுகளில் அது தவறாமல் இடம்பெறும்.

பிற்சேர்க்கை

இதைப் படித்த சிலர், கோப்பைக்குப் பதிலாகச் சுவர் டைல்ஸின் பின்புறத்தில் தேய்த்தபோது காவிக்கல்லின் கோடே தெரியவில்லை என்று எழுதியிருந்தார்கள். மலிவான சுவர் டைல்ஸின் பின்புறம் செம்மண் நிறத்தில் இருக்கும். வெண்மையான உடல் கொண்ட டைல்ஸாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் இணையப் பாடத்தில் சேர்ந்த ஒருவர் அசைன்மென்ட் அனுப்புவதற்கான கடைசி நேரம் பற்றிக் கேட்டிருந்தார். கிழக்கு அமெரிக்க நேரப்படி இரவு 11.59 என்றால் நமக்கு மறுநாள் காலை 9.29. ஆனால் நவம்பர் தொடக்கத்தில் அங்கே கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளிய பிறகு அது 10.29 ஆகிவிடும், மார்ச்சில் மீண்டும் 9.29க்குத் திரும்பும். இரண்டில் முந்தையதான 9.29ஐயே ஆண்டு முழுவதற்கும் கடைசி நேரமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.