ஜிப்சி 70-ல் நடுங்குகிறதா? அந்தக் குட்டி ஷாஃப்டை முதலில் பாருங்கள்

என் 1.3 லிட்டர் மாருதி ஜிப்சி ஜீப் மணிக்கு 70 கி.மீ. தாண்டினாலே சீட்டுக்கு அடியில் நடுங்கும், 85-ல் கியர் லிவரே ‘ஜிங்ங்’ என்று பாட ஆரம்பித்துவிடும். டயர் பேலன்ஸ் இரண்டு தடவை, பின் ஷாஃப்டுக்கு (பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) புது கிராஸ் (அதன் முனையில் இருக்கும் சிலுவை வடிவ மூட்டு), அப்புறம் ஷாக் அப்சார்பர் என்று ஆளாளுக்குச் சொன்னதையெல்லாம் மாற்றினேன். காசுதான் போனது. கோளாறு இருந்ததோ, யாரும் குனிந்துகூடப் பார்க்காத குட்டி ஷாஃப்டில்.

ஜிப்சியில் கியர்பாக்ஸும், சுழற்சியை முன் பின் அச்சுகளுக்குப் பிரித்துத் தரும் ட்ரான்ஸ்ஃபர் கேஸும் ஒட்டி இருக்காது, இரண்டையும் சேர்ப்பதுதான் அந்தக் குட்டி ஷாஃப்ட். ட்ரான்ஸ்ஃபர் கேஸ் ‘ஹை’யில் (சாதாரண ரோட்டு நிலையில்) இருந்தாலும் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துத்தான் பின்னால் அனுப்பும், அதனால் குட்டி ஷாஃப்ட் பின் ஷாஃப்டைவிடச் சுமார் 1.4 மடங்கு வேகமாகச் சுற்றுகிறது. அதில் துளி தேய்மானம் இருந்தாலும் உடம்புக்குத் தெரியும்.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் ஓட்டிப் பாருங்கள். நின்ற இடத்தில் நியூட்ரலில் வைத்து, வழக்கமாக நடுங்கும் ஆர்பிஎம் வரை ஏற்றுங்கள். அங்கேயே நடுங்கினால் எஞ்சின் மவுண்ட், கிளட்ச் பக்கம் போய்த் தேட வேண்டும். இல்லையென்றால் காலி ரோட்டில் அதே வேகத்தில் கிளட்சை மிதித்து உருளவிடுங்கள். அப்போதும் நடுங்கினால் டயர் அல்லது ஷாஃப்ட். எது என்று பிரிப்பது சுலபம்: 60-ல் டயர் வினாடிக்கு ஏறக்குறைய எட்டுச் சுற்று, பின் ஷாஃப்ட் அதைப்போல நாலு மடங்கு. டயர் என்றால் ஸ்டியரிங்கிலோ சீட்டிலோ தனித்தனியாகத் தெரியும் குலுக்கல், ஷாஃப்ட் என்றால் வண்டித் தரையில் வண்டு இரைவது மாதிரி. ஹப் லாக்கை (முன் சக்கரத்தை அச்சோடு பூட்டும் அமைப்பு) திறந்து டூ வீலில், அதாவது பின் சக்கரம் மட்டும் தள்ள, ஓட்டும்போது முன் ஷாஃப்ட் சுற்றாது, ஆகவே அப்படி ஓட்டியும் நடுங்கினால் முன் ஷாஃப்டைச் சந்தேகப்பட வேண்டாம்.

அடுத்து கீழே படுக்க வேண்டியதுதான். சமதளம், சக்கரத்துக்கு இரு பக்கமும் கட்டை, சாவி உங்கள் பாக்கெட்டில், கியர் நியூட்ரலில். ஷாஃப்டைப் பிடித்து முன்னும் பின்னும் திருப்பி, கிராஸ் மூடி ஓரத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். எனக்கு அங்கே செங்கல் பொடி மாதிரி சிவப்பாகத் துரு உதிர்ந்திருந்தது. கிரீஸ் வற்றி, மூடிக்குள் உருளும் ஊசி மாதிரியான நீடில்கள் அரைபட்டுவிட்டன என்று அர்த்தம். அப்படியே ட்ரான்ஸ்ஃபர் கேஸைத் தாங்கும் மூன்று ரப்பர்களையும் கடப்பாரையால் நெம்பிப் பார்த்துவிடுங்கள், பழைய வண்டியில் ஒன்றாவது கிழிந்திருக்கும்.

கழற்றும்முன் ஃப்ளாஞ்சிலும் (போல்ட் பூட்டும் தட்டு) ஸ்ப்லைனிலும் (ஷாஃப்ட் நழுவிச் சேரும் பல் வரிசை) பெயிண்டால் கோடு போடுங்கள். இதைச் சோம்பேறித்தனத்தில் விட்டவர்கள்தான் புது கிராஸ் போட்டும் நடுங்குகிறது என்று திரும்பி வருகிறவர்கள். ஒரு பல் மாறினாலே இரண்டு முனையின் யோக்கும் (கிராஸைப் பிடிக்கும் கவை) நேர் தப்பிவிடும். இன்னொன்று, ஷாஃப்ட் கழன்றபின் கியரில் போட்டு வைத்தாலும் வண்டி நிற்காது, கட்டையை எடுக்காதீர்கள்.

கழற்றிய கிராஸைக் கையால் மடக்குங்கள். நேர்நிலைக்கு வரும்போது ஒரு பள்ளத்தில் விழுந்த மாதிரி ‘டக்’ என்று நின்றால் அது முடிந்தது. புதியதைப் பூட்ட வைஸ் போதும், சுத்தியல் ஆவேசம் வேண்டாம். நீடில்கள் சரியாதபடி மூடிக்குள் கிரீஸைத் தடவிவிட்டு அழுத்துங்கள். சர்க்ளிப் (மூடியைப் பிடித்து நிறுத்தும் வளையம்) பள்ளம் தெரியும் அளவுக்கு மூடி இறங்கவில்லையா, உள்ளே ஒரு நீடில் குறுக்கே விழுந்திருக்கிறது. வெளியே எடுத்துத் திரும்பப் போடுங்கள், அடித்து இறக்கினால் புது கிராஸ் போச்சு. இரண்டு பக்கமும் சர்க்ளிப் உட்கார்ந்தபின் ஜாயிண்ட் இறுக்கமாக இருந்தால் யோக் காதில் மரச் சுத்தியால் லேசாகத் தட்டுங்கள், இளகிவிடும்.

இதற்கப்புறமும் நடுக்கம் மிச்சம் என்றால், ஷாஃப்டில் ஒட்டிய காய்ந்த சேற்றைச் சுரண்டிவிட்டு பேலன்ஸ் பார்க்கக் கொடுங்கள். ஷாக்கிளை (பட்டை ஸ்பிரிங்கைத் தொங்கவிடும் இணைப்பு) நீளமாக்கி வண்டியை உயர்த்தியிருந்தால் பினியன் (பின் அச்சில் ஷாஃப்ட் சேரும் பல்சக்கரம்) கோணம் மாறியிருக்கும், அதை ஆப்பு வைத்துச் சரிசெய்யலாம். ஆக்சிலேட்டரை விட்டதும் பின்னால் ஊளைச் சத்தம் கேட்டால் பினியன் பேரிங்கைச் சந்தேகப்படலாம், ஆனால் “பினியன் நட்டை ஒரு சுற்று இறுக்கிப் பார்ப்போமே” என்று யாராவது சொன்னால் ஸ்பேனரைக் கையில் கொடுக்காதீர்கள். அந்த இறுக்கம்தான் பேரிங்குக்கு அளந்து வைத்த ப்ரீலோட், அதாவது முன்அழுத்தம்.