பெரிய மீன் தொட்டிக்கு மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் இருக்கும் நன்னீர் மீன் தொட்டியை விட்டுப் பெரிய தொட்டிக்கு மாற முடிவு செய்பவர்கள், கண்ணாடி, ஸ்டாண்டு, விளக்கு, கற்கள் என்று கண்ணுக்குத் தெரிகிற பொருள்களுக்கே வாரக்கணக்கில் திட்டமிடுகிறார்கள். எல்லாவற்றையும்விடப் பத்திரமாக இடம் மாற்ற வேண்டியது கண்ணுக்குத் தெரியாமல் பழைய ஃபில்டருக்குள் இருக்கிறது. அதன் பஞ்சிலும் சரளைக் கற்களிலும் மாதக்கணக்காக வளர்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும் பாக்டீரியாக்களில் ஒரு வகை, மீன்கள் வெளியேற்றும் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. முதல் இரண்டும் சிறிதளவிலேயே மீனுக்கு நஞ்சு. நைட்ரேட்டை மீன்கள் ஓரளவு தாங்கும், நாமும் அவ்வப்போது நீர் மாற்றி அதைக் குறைத்துவிடலாம். தொட்டி மாற்றும்போது மீன்கள் இறப்பதற்குப் பெரும்பாலும் இந்த ஏற்பாடு அறுந்துபோவதே காரணம்.

இதை நான் அறிந்துகொண்ட விதத்தை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. சுமார் 65 லிட்டர் கொள்ளும் 2 அடித் தொட்டியிலிருந்து 4 அடித் தொட்டிக்கு மாறிய நாளில், புதிய தொட்டிக்குள் அழுக்கு போகக் கூடாது என்று எண்ணி, பழைய ஃபில்டரின் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிடித்து, வடிகிற நீர் தெளிவாகும்வரை பிழிந்து பிழிந்து அலசினேன். பாக்டீரியாக்களில் ஒரு பகுதி பிழிந்த நீரோடு போயிற்று. மிஞ்சியதைக் குழாய் நீரில் இருந்த குளோரின் கொன்றது. இரண்டு நாள் தொட்டி பளிங்குபோல் இருந்தது. மூன்றாம் நாள் காலை விளக்கைப் போட்டபோது, நியான் டெட்ராக்கள் எல்லாம் நீர்மட்டத்தை ஒட்டி மேலே நின்று, செவுள் மூடிகளை வேகவேகமாக அடித்துக்கொண்டிருந்தன. அம்மோனியா சோதனைக் குழாயில் மஞ்சளாகவே நிற்க வேண்டிய நீர், சொட்டு மருந்து விட்ட சில நிமிடங்களில் இலைப் பச்சையாக மாறியது. 12 மீன்களில் 7 மட்டுமே பிழைத்தன.

செய்திருக்க வேண்டியது மிக எளிது. பழைய தொட்டி நீரை ஒரு வாளியில் எடுத்து, அதில் ஸ்பாஞ்சை மெதுவாக இரண்டு முறை அமுக்கி எடுத்தால் அடைப்பு நீங்கும், பாக்டீரியாக்கள் தங்கும். புதிய தொட்டியில் பொருத்தும்வரை அதை உலரவிடாமல் அதே நீரில் வைத்திருக்க வேண்டும். இந்தப் பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் தேவை என்பதால், ஃபில்டரை நிறுத்தி மூடிய நிலையில் மணிக்கணக்கில் போட்டு வைப்பதும் அவற்றைக் கொல்லும். இன்னும் பாதுகாப்பான வழி ஒன்று உண்டு. புதிய ஃபில்டரை முன்கூட்டியே வாங்கி, பழைய தொட்டியிலேயே பழைய ஃபில்டருக்குப் பக்கத்தில் 4 முதல் 6 வாரம் ஓடவிட்டு, பிறகு இரண்டையும் சேர்த்துப் பெரிய தொட்டிக்குக் கொண்டுபோகலாம். பொறுமை உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல முறை இல்லை என்பது என் கருத்து.

"பழைய தண்ணீரைச் சேமித்து ஊற்றினால் போதும், தொட்டி தயார்" என்று சொல்பவர்கள் உண்டு. பாக்டீரியாக்கள் பரப்புகளில் ஒட்டி வாழ்பவை. நீரில் மிதப்பவை மிகக் குறைவு. பழைய நீரைச் சேர்ப்பதால் நீரின் தன்மை மீன்களுக்குப் பழகியதாக இருக்கும், அவ்வளவுதான். பழைய ஃபில்டரைக் கொண்டுபோகாமல் பழைய நீரை மட்டும் நம்புகிறவர், வெறும் தொட்டியில் மீன் விடுகிறவருக்குச் சமம்.

நீரின் தன்மை என்று சொன்னதில் மறைந்திருக்கும் ஆபத்தை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அனுபவசாலிகளும் இதில் தவறுகிறார்கள். அம்மோனியா நைட்ரேட்டாக மாறும்போது அமிலம் உண்டாகிறது. அந்த அமிலம் நீரிலுள்ள கார்பனேட் கடினத்தன்மையை, அதாவது அமிலத்தைச் சமன்செய்யும் உப்புகளை, சிறிது சிறிதாகத் தின்றுவிடுகிறது. நீரை அரிதாக மாற்றிய பழைய தொட்டியில் பல மாதங்களில் பிஎச் அளவு (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்; குறைந்தால் அமிலம் கூடுகிறது) 6-க்கு அருகில்கூட இறங்கியிருக்கும். மீன்கள் படிப்படியாகப் பழகிவிடுவதால் வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. அந்த மீன்களைப் பிஎச் 7.8 உள்ள புது நீரில் ஒரே மணி நேரத்தில் விட்டால், நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவும் பிஎச் அளவும் ஒருசேர மாறுகிற அதிர்ச்சியை அவற்றின் உடல் தாங்காது. அதோடு, அமில நீரில் அம்மோனியாவின் பெரும்பகுதி அம்மோனியம் என்ற தீங்கு குறைந்த வடிவில் இருக்கும். பிஎச் 7-லிருந்து 8-க்கு ஏறினால் நஞ்சான வடிவத்தின் பங்கு ஏறத்தாழ 10 மடங்காகிறது. ஆகவே மாற்றும் நாளுக்கு மூன்று, நான்கு வாரம் முன்பே, பழைய தொட்டியில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 10 சதவீத நீரை மாற்றி, அதன் தன்மையைப் புது நீருக்கு அருகில் கொண்டுவந்துவிட வேண்டும். குழாய் நீரை ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்பது உண்மையே; ஆனால் சில ஊர்களின் குடிநீரில் குளோரினுக்குப் பதிலாகச் சேர்க்கப்படும் குளோரமைன் அப்படிப் போகாது. குளோரின் நீக்கும் மருந்தை, ஊற்றுகிற நீரின் அளவுக்கு ஏற்பக் கலந்தே ஆக வேண்டும்.

பழைய சரளையை அப்படியே அள்ளிக் கொட்டுவதும் பெரிய தவறு. அதன் அடியில் படிந்திருக்கும் கழிவு கலங்கி எழுந்தால், புதிய தொட்டி முதல் நாளிலேயே அம்மோனியாவைச் சுமக்க ஆரம்பித்துவிடும். மேல்பகுதிச் சரளையில் இரண்டு கைப்பிடியைப் பழைய நீரில் அலசி, வலைப் பையில் கட்டி, ஃபில்டரின் நீரோட்டத்துக்கு அருகில் சில வாரம் வைத்தால் போதும்.

இனி எடை. 120 சென்டிமீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் அகலமும் 45 சென்டிமீட்டர் உயரமும் உள்ள தொட்டியின் கொள்ளளவு 243 லிட்டர். நீர், கண்ணாடி, சரளை எல்லாம் சேர்ந்து 300 கிலோவைத் தாண்டும். இதை மேசையிலோ புத்தக அலமாரியிலோ வைப்பது விபத்தை அழைப்பதாகும். ஸ்டாண்டு நிற்கும் தரை சமமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்து நீளவாக்கிலும் அகலவாக்கிலும் பார்க்க வேண்டும். நிரப்பிய பிறகு நீரின் மேல்கோடு ஒரு மூலையில் கண்ணாடி விளிம்புக்கு நெருங்கியும் மறு மூலையில் விலகியும் தெரிந்தால், நீரை வடித்துவிட்டுத்தான் சரிசெய்ய வேண்டும். சட்டம் இல்லாத தட்டையான அடிக்கண்ணாடி என்றால் கீழே மென்மையான ஃபோம் விரிக்கலாம். அடியில் பிளாஸ்டிக் சட்டம் உள்ள தொட்டிக்கு அது கூடாது, ஏனெனில் எடை சட்டத்தில் நிற்க வேண்டிய இடத்தில் ஃபோம் நடுக்கண்ணாடியை மேல்நோக்கி அழுத்தும். மீன்களை விடுவதற்கு முன், தொட்டி நிற்கப்போகும் அதே இடத்தில் நீர் நிரப்பி, குறைந்தது ஒரு முழு நாள் கசிவு பார்க்க வேண்டும். எல்லா மின் வயர்களும் பிளக்கை எட்டும் முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும். வயரில் வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

ஃபில்டர் பெட்டியில் அச்சிட்டிருக்கும் மணிக்கு இத்தனை லிட்டர் என்ற எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். பஞ்சும் பிற பொருள்களும் நிரப்பிய பின் ஓட்டம் குறையும். தொட்டி நீரை மணிக்கு 4 முதல் 6 முறை சுழற்றும் அளவு இருந்தால் நல்லது. ஹீட்டர் தேவைப்படும் வீடுகளில் லிட்டருக்கு 1 வாட் என்பது பொதுக் கணக்கு. ஒரே பெரிய ஹீட்டரைவிட இரண்டு சிறியவை பாதுகாப்பானவை, ஒன்று அணையாமல் பழுதானாலும் நீர் அவ்வளவு விரைவில் சூடாகாது.

மாற்றும் நாளில், நிறைந்த தொட்டிக்குள் வலையை வீசி மீன்களைத் துரத்தக் கூடாது. முதலில் கற்களையும் கட்டைகளையும் வெளியே எடுத்து, ஒரு சாண் ஆழம் மட்டும் மிஞ்சும்படி நீரை வடித்து, விளக்கை அணைத்துவிட்டால் அவை அமைதியாகப் பிடிபடும். கோரிடோராஸ் போன்ற கெளுத்தி வகை மீன்களின் துடுப்பு முட்கள் வலையில் சிக்கிக் கிழியும் என்பதால், அவற்றைக் கிண்ணத்தால் முகந்து எடுப்பதே முறை. மாற்றுவதற்கு முந்தைய நாள் தீனி போடாமல் இருந்தால், மீன்களை இடையில் வைத்திருக்கும் பாத்திரத்தின் நீர் கெடாது. இடம் மாறிய பிறகும் சில நாள் குறைவாகவே தீனி போட்டு, இரண்டு வாரம் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் நாள்தோறும் சோதிக்க வேண்டும். இரண்டில் ஒன்று தென்பட்டாலும் உடனே கால் பங்கு நீரை மாற்ற வேண்டும்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தவர்கள் செய்யும் தவறு ஒன்று மிச்சம் இருக்கிறது. பெரிய தொட்டியில் பழைய மீன்கள் சிறுத்துத் தெரியும்; இடம் காலியாகக் கிடப்பதாகத் தோன்றும்; அந்த வாரமே புது மீன்கள் வந்து இறங்கும். பாக்டீரியாக்களின் எண்ணிக்கை கிடைக்கும் அம்மோனியாவைப் பொறுத்தது. நீரின் அளவு 4 மடங்கானதால் அவை 4 மடங்காகிவிடுவதில்லை. பழைய மீன்களுக்குப் போதுமான அளவே இருக்கின்றன. எனவே ஒரு தடவைக்குச் சில மீன்கள், இரண்டு மூன்று வார இடைவெளி என்று போவதே சரி. புதுப்புது வகைகளைச் சேர்ப்பதைவிட, இருக்கும் கூட்ட மீன்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது அவற்றுக்கும் நல்லது, பார்க்கவும் அழகு. உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டியாக விற்கப்படும் ஆஸ்கர் மீன் 30 சென்டிமீட்டர்வரை வளரும் என்பதை வாங்கும் முன்பே கணக்கில் கொள்ள வேண்டும்.

பழைய தொட்டியை உடனே விற்றுவிடவும் வேண்டாம். புதிய மீன்களை அதில் 3, 4 வாரம் தனியே வைத்துப் பார்த்தால், வெண்புள்ளி நோய் போன்றவை பெரிய தொட்டியை எட்டும் முன் தெரிந்துவிடும். அதற்கென்று ஒரு சிறிய ஸ்பாஞ்ச் ஃபில்டரைப் பெரிய தொட்டியின் மூலையில் எப்போதும் ஓடவிட்டு வைத்திருங்கள்; தேவைப்படும் நாளில் அதை எடுத்துச் சிறிய தொட்டியில் போட்டால், அந்த மணி நேரத்திலேயே அது மீனை ஏற்கத் தயாராகிவிடும்.