ஆற்றுவாய் பூட்டியிருந்தால் என்ன ஆகும்? கணினி மாதிரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாரியில் ஒரு பின்னேரம், பொறியியல் இறுதியாண்டு படிக்கும் உறவுக்காரப் பிள்ளை ஒருத்தி லெப்டொப்புடன் வீட்டுக்கு வந்தாள். மட்டக்களப்பு வாவியின் வெள்ளத்தைக் கணினியில் மாதிரியாக்குவதுதான் அவளுடைய ஆய்வு. "மாமா, ரன் முடிஞ்சிட்டு, பாருங்க" என்று திரையைத் திருப்பினாள். அழகான படம். மழை விழ விழ வாவி கருநீலமாகிறது. பாலமீன்மடு முகத்துவாரத்தால் நீர் கடலுக்கு ஓடுகிறது. இரண்டு நாளில் எல்லாம் பழையபடி வெளிர்நீலம்.

"ஆற்றுவாயை எப்ப வெட்டினது?" என்று கேட்டேன்.

அவளுக்குக் கேள்வி பிடிபடவில்லை. அவளுடைய மாதிரியில் முகத்துவாரம் முதல் செக்கனிலிருந்தே திறந்து கிடந்தது. மாரி தொடங்கும் நேரம் மணல்மேடு வாயை அடைத்துக் கிடப்பதும், வெள்ளம் ஏறிய பிறகு அதை வெட்டிவிடுவதும் இங்கே பிறந்த எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். ஆனால் மென்பொருள் அதைப் பற்றி அவளிடம் கேட்கவில்லை. பயிற்சிப் பாடத்தில் கடல்பக்கம் திறந்த எல்லையாக இருந்தது, அவளும் அப்படியே வைத்துவிட்டாள். எந்த எச்சரிக்கையும் வரவில்லை.

கணினி மாதிரியில் எனக்குப் பெரிய பயமே இதுதான். பிழையான தகவல் கொடுத்தாலும் விடை வந்துவிடும், அதுவும் சரியான விடையைப் போலவே வண்ணத்தோடு வரும். அதனால், பிள்ளைகள் திரும்பத் திரும்ப விடும் சில தவறுகளை எழுதி வைக்கலாம் என்று நினைத்தேன்.

முதலில் மாதிரி என்ன செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாவியைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டுகிறோம். ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு நீர் நிற்கிறது, பக்கத்துக் கட்டத்துக்கு எவ்வளவு போகிறது என்பதைச் சில செக்கன்களுக்கு ஒருமுறை கணக்கிடுகிறோம். இதற்கு நிலத்தின் உயரம், அடித்தரையின் உராய்வு, தொடங்கும்போது நீர் நின்ற மட்டம், ஓரங்களில் என்ன நடக்கிறது என்ற விவரம், எல்லாமே நாம் கொடுக்க வேண்டியவை. சமன்பாட்டைத் தீர்க்கும் வேலை மட்டும் கணினியுடையது.

அந்த ஓர விவரம்தான் எல்லை நிபந்தனை. பிள்ளைகள் மிகக் குறைந்த நேரம் செலவழிப்பது அங்கேதான். நான் அவளை லெப்டொப்பை மூடச் சொல்லிவிட்டு ஒரு கொப்பியை எடுத்தேன். வாவியின் பரப்பு ஏறக்குறைய 140 சதுர கிலோமீற்றர். உன்னிச்சை, நவகிரிக் குளங்களின் பக்கமிருந்தும் மற்ற ஓடைகளிலிருந்தும் செக்கனுக்கு 500 கனமீற்றர் நீர் வருகிறது என்று சும்மா ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 86,400 செக்கன். பெருக்கினால் 4 கோடியே 32 இலட்சம் கனமீற்றர். பரப்பால் வகுத்தால் 31 சென்ரிமீற்றர். அதாவது, வாய் பூட்டியிருந்தால் ஒரே நாளில் வாவி முழுக்க ஒரு சாண் உயரத்துக்கும் மேலே ஏறும். அதே வரத்தை அவளுடைய மாதிரியில் கொடுத்துப் பார்த்தோம். 7 சென்ரிமீற்றர்தான் ஏறியது. மீதி நீர், இன்னும் திறக்காத வாயால் கடலுக்குப் போயிருந்தது. மூன்று வரிக் கணக்கு, ஐந்து நிமிடம். இதைச் செய்யாமல் எந்த மாதிரியையும் ஓடவிடக் கூடாது என்பது என் பிடிவாதம்.

அடுத்தது நிலத்தின் உயரம். இதில்தான் எனக்குக் கவலை அதிகம், ஏனென்றால் நம்முடைய கரையோரத்தில் ஒரு மீற்றர் வித்தியாசம் உயிர்ப் பிரச்சினை. இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவுகளில் பிள்ளைகள் அதிகம் எடுப்பது எஸ்.ஆர்.ரி.எம். 2000 பெப்ரவரியில் விண்ணோடம் ஒன்றிலிருந்து ராடார் மூலம் அளந்தது. மரம் அடர்ந்த இடத்தில் ராடார் அலை வெறும் தரையிலிருந்து மட்டும் திரும்பி வராது, மரத்தின் தலைப்பாகத்திலிருந்தும் வரும். இப்போது கல்லடி, நாவலடிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளை நினைத்துப் பாருங்கள். அவளுடைய வரைபடத்தில் கரை நெடுகிலும் 8, 9 மீற்றர் உயரத்தில் ஒரு மேடு ஓடியது. விரலை வைத்து, "இது என்ன மலை?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தென்னை" என்றாள். அந்த மேட்டை நம்பி சுனாமி மாதிரி ஓட்டினால் நாவலடி பாதுகாப்பான இடம் என்று விடை வரும். 2004 டிசம்பர் 26 அன்று நாவலடியில் என்ன நடந்தது என்பதை இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொன்று, அந்தத் தரவு 2000ஆம் ஆண்டுத் தரை. மண்முனைப் பாலம் திறந்தது 2014இல். பாலத்துக்காக வாவிக்குள் போட்ட அணைவீதி அந்தத் தரவில் எப்படி இருக்கும்? வாவியின் ஓட்டத்தை மாதிரியாக்குகிறவர் அதைத் தானே அளந்து உள்ளே போட வேண்டும். அப்படியே விட்டால் கட்டம் 30 மீற்றர், வீதியோ அதைவிட ஒடுக்கம், நீர் அதன் மேலாலே தாண்டிப் போய்விடும்.

சரி, நேரில் போய் ஜி.பி.எஸ்ஸால் அளக்கலாம் என்று போனால் அங்கேயும் ஒரு குழி இருக்கிறது. ஜி.பி.எஸ் நேரடியாகத் தரும் உயரம், பூமியைச் சீரான நீள்கோளமாக வைத்துக்கொண்டு அதன் மேற்பரப்பிலிருந்து எடுத்தது. உண்மையான கடல்மட்டம் அதோடு ஒத்துப்போவதில்லை. உலகத்திலேயே அந்த வித்தியாசம் மிகவும் ஆழமாக இறங்குவது இலங்கைக்குத் தெற்கே உள்ள கடலில். அதனால் நம் கடற்கரையில் நின்று திருத்தம் செய்யாத உயரத்தைப் பார்த்தால், கடல்மட்டத்தில் நிற்கும்போதே சைபருக்குக் கீழே 90 மீற்றருக்கும் மேலாகக் காட்டும். அவ்வளவு பெரிய பிழையென்றால் கண்ணில் பட்டுவிடும், கவலையில்லை. பாதி அளவுகளைத் திருத்தி, மற்றப் பாதியை வேறொரு திருத்தத்தோடு சேர்த்து, கடைசியில் அரை மீற்றர் அங்குமிங்கும் கிடக்கும்போதுதான் யாருக்கும் தெரியாமல் போகும். இந்தக் கடலில் வற்றுப்பெருக்கின் வீச்சே ஒரு மீற்றருக்குள். அரை மீற்றர் பிழை அதை விழுங்கிவிடும்.

அலகுகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, ஆனால் விடவும் முடியாது. நீர்ப்பாசனக்காரர் இன்னும் ஏக்கர் அடியிலும் (ஒரு ஏக்கரில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் நீர்) கியூசெக்கிலும்தான் (செக்கனுக்கு ஒரு கன அடி) பேசுவார்கள். சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரிய நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு 770,000 ஏக்கர் அடி என்றால் ஏறக்குறைய 95 கோடி கனமீற்றர். ஒரு கனமீற்றருக்கு 35 கன அடி. கியூசெக்கில் வந்த எண்ணை அப்படியே செக்கனுக்கு இத்தனை கனமீற்றர் என்ற பெட்டியில் போட்டால் வெள்ளம் 35 மடங்காகிவிடும். 1999இல் செவ்வாய்க்குப் போன நாசாவின் விண்கலமொன்று இதே வகைக் குழப்பத்தால்தான் அழிந்தது. ஒரு பக்கம் பவுண்டில் கணக்குப் போட, மறுபக்கம் அதை நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது.

இனி நேரப்படி. கணக்கு எத்தனை செக்கனுக்கு ஒருமுறை முன்னே நகர்கிறது என்பது நம் விருப்பத்துக்கு விட்டது அல்ல. 1928இல் கூரன்ற், பிரீட்ரிக்ஸ், லெவி என்ற கணிதவியலாளர் மூவரும் காட்டிய வரம்பு ஒன்று இருக்கிறது. எளிய முறைகளில், ஒரு நேரப்படிக்குள் அலை ஒரு கட்டத்தைத் தாண்டி ஓடிவிடக் கூடாது. ஆழமற்ற நீரில் அலையின் வேகம், ஈர்ப்பையும் ஆழத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தது. ஒன்றரை மீற்றர் ஆழமான வாவியில் அது செக்கனுக்கு 3.8 மீற்றர். 20 மீற்றர் கட்டமென்றால் 5 செக்கன் வரை போகலாம். ஆனால் மாதிரிக்குள் 50 மீற்றர் ஆழமான கடலையும் கொஞ்சம் சேர்த்தால், அங்கே அலை 22 மீற்றர் வேகத்தில் ஓடும். 5 செக்கன் வைத்தால் சில நிமிடங்களில் நீர்மட்டம் கோடி மீற்றர் என்று வெடித்துச் சிதறும். வெடித்தால் நல்லது, பிழை தெரிந்துவிடும். பெரிய நேரப்படியையும் தாங்கும் முறைகளும் உண்டு. அவை வெடிக்காமல், அலையைத் தேய்த்து மழுங்கடித்துவிட்டு மென்மையான விடையைத் தரும். அதைத்தான் கவனிக்க வேண்டும்.

கட்டத்தின் அளவும் அப்படியே. 150 மீற்றர் அகலமான ஒரு வாயை 100 மீற்றர் கட்டத்தால் காட்ட முடியுமா? ஒரு கட்டம் விழுந்தால் வாய் ஒடுங்கும், இரண்டு விழுந்தால் அகலும். எங்கே கட்டம் விழுகிறது என்ற தற்செயலே வெள்ளத்தைத் தீர்மானிக்கும். அதனால் ஒரே கணக்கை மூன்று அளவில் ஓட்டுங்கள். 40, 20, 10 மீற்றர் என்று பாதி பாதியாகக் குறையுங்கள். விடை நகர்வது குறைந்துகொண்டே வந்தால் ஓரளவு நம்பலாம். குறையாவிட்டால் நீங்கள் காண்பது வாவியின் நடத்தை அல்ல, உங்கள் கட்டத்தின் நடத்தை.

இது வெறும் ஆய்வறிக்கைச் சம்பிரதாயம் என்று நினைப்பவர்களுக்கு நோர்வேயின் ஸ்லைப்னர் மேடையின் கதையைச் சொல்வேன். கடலில் எரிவாயு எடுக்கும் மேடைக்காகக் கட்டிய பெரிய கொங்கிறீற்று அடித்தளம் அது. 1991 ஓகஸ்ட் 23ஆம் திகதி, சோதனைக்காக நீருக்குள் மெதுவாக இறக்கியபோது, உள்ளறைச் சுவர் ஒன்று பிளந்து முழுவதும் மூழ்கிப்போனது. விசாரித்துப் பார்த்தால், கட்டுமானத்தைச் சின்னத் துண்டுகளாக வெட்டிக் கணக்கிடும் பைனைட் எலிமென்ட் முறையில், அறைகள் சந்திக்கும் மூலையில் மெஷ், அதாவது அந்தத் துண்டுகளின் வலை, சரியாக அமையவில்லை. அங்கே சுவரை வெட்டிப் பிளக்கப் பார்க்கும் விசையின் அளவான வெட்டுத் தகைப்பு 47 சதவீதம் குறைவாக வந்திருந்தது. அதை நம்பிச் சுவரும் கம்பியும் போதாமல் போனது. விபத்துக்குப் பிறகு கவனமாகச் செய்த கணக்கு, 62 மீற்றர் ஆழத்தில் உடையும் என்றது. உண்மையில் உடைந்தது 65 மீற்றரில். மென்பொருள் நல்ல மென்பொருள்தான். கவனமாகக் கொடுத்தபோது மூன்று மீற்றர் வித்தியாசத்தில் உண்மையைச் சொன்னது.

தொடக்க நிலையையும் பலர் சைபர் என்றே விடுகிறார்கள். மார்கழியில் பெருமழை வரும்போது வாவி ஏற்கெனவே பாதி நிரம்பி, வயல்மண் ஊறிப்போய், ஒரு துளியும் குடிக்காத நிலையில் இருக்கும். ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர், 1910 மே 20ஆம் திகதியின் வானிலையைக் கணினியே இல்லாத காலத்தில் கையால் கணக்கிட்டு, 1922இல் வெளியிட்டார். ஆறு மணித்தியாலத்தில் காற்றழுத்தம் 145 ஹெக்ரோபஸ்கல் ஏறும் என்று வந்தது. உண்மையில் அழுத்தம் அசையவே இல்லை எனலாம். முறையில் பெரிய குறை இல்லை. தொடங்கும்போது கொடுத்த காற்றும் அழுத்தமும் ஒன்றோடொன்று இசையவில்லை.

கடைசியாக, பொருத்திப் பார்ப்பதில் நடக்கும் தவறு. என்னையே அதிகம் வருத்தும் தவறும் இதுதான். அளந்த நீர்மட்டத்தோடு விடை ஒத்துவரவில்லை என்றால் உடனே மானிங் உராய்வு எண்ணை, அதாவது அடித்தரை நீரை எவ்வளவு இழுத்துப் பிடிக்கிறது என்று சொல்லும் எண்ணை, திருகுவார்கள். சாதாரண இயற்கை ஓடைக்கு அது 0.03 அளவில் இருக்கும். பற்றையும் செடியும் மண்டிக்கிடந்தால் கூடும். என்னிடம் வந்த பிள்ளையும் முகத்துவாரப் பக்கத்தில் 0.09 போட்டிருந்தாள். ஏனென்றால் அதைப் போட்டால்தான் கல்லடிப் பாலத்தில் எடுத்த மட்டத்தோடு ஒத்துவந்தது. வெறும் மணல் தரையில் 0.09 எப்படி வரும்? பூட்டிய வாயை அவள் உராய்வால் ஈடுசெய்திருந்தாள். அந்த வெள்ளத்துக்கு விடை சரிவரும். வாய் திறந்திருக்கும் அடுத்த வெள்ளத்துக்குக் கைவிட்டுவிடும். உராய்வெண் நம்ப முடியாத இடத்துக்குப் போனால் வேறெங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள்.

ஒரு வெள்ளத்தை வைத்து எண்களைத் திருத்தினால், சோதிக்க இன்னொரு வெள்ளத்தைத் தொடாமல் வைத்திருங்கள். 2011 ஜனவரி வெள்ளத்தின் அடையாளத்தை, வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் எத்தனையோ பேர் சுவரைத் தொட்டுக் காட்டுவார்கள். "இந்த யன்னல் கட்டு மட்டும் நிண்டது மனே" என்பார்கள். மட்டப் பலகையோடு போய் அந்த யன்னல் கட்டை அளந்து வருவது ஒரு நாள் வேலை. அதைவிட நல்ல சோதனை உங்களுக்குக் கிடைக்காது.

மாதிரியிடம் கேட்கவே முடியாத கேள்விகளும் உண்டு. அடித்தரை அசையாது என்று எழுதிய மாதிரியிடம் மணல் எங்கே போகும் என்று கேட்டுப் பயனில்லை. 2013இல் திறந்த ஒலுவில் துறைமுகத்தின் வாயில் மணல் சேர்ந்ததையும் வடக்கே கரை அரிபட்டதையும் அம்பாறைக் கரையோர மக்கள் நேரிலேயே பார்த்தார்கள். நமது ஆற்றுவாயும் வெட்டிய பிறகு நீரின் வேகத்தால் தானே அகலும். அதை நிலையான அகலமாக வைத்துக் கணக்கிட்டால், அப்படி வைத்தோம் என்று அறிக்கையில் எழுதியாக வேண்டும்.

அவள் பிறகு பாலமீன்மடுவுக்குப் போய்த் தோணிக்காரர்களிடம் பேசி, வாய் எந்தக் கிழமை அடைபட்டது, எந்த நாள் வெட்டினார்கள் என்று குறித்துக்கொண்டு வந்தாள். உராய்வெண்ணைத் திரும்ப 0.03க்குக் கொண்டுவந்து, வாயை மூடி, மூன்றாம் நாளில் திறந்துவிட்டு ஓட்டினாள். கல்லடிப் பாலத்துத் தூணில் காலையில் காலையில் தானே வாசித்த மட்டத்தோடு 11 சென்ரிமீற்றர் இடித்தது. முந்தி ஒத்துவந்த படத்தைவிட இது பார்வைக்கு மோசம். "இதையே எழுதட்டா மாமா?" என்று கேட்டாள். எழுதச் சொன்னேன். அந்த 11 சென்ரிமீற்றர் காற்றால் வந்ததா, வாய் அகன்றதால் வந்ததா என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறாள்.