கணக்கில் லாபம், கையில் காசில்லை: கரிலியன் சரிவு காட்டும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2018 ஜனவரி 15, திங்கட்கிழமை. லண்டன் பங்குச் சந்தை திறப்பதற்கு முன்பே அறிவிப்பு வந்துவிட்டது: பிரிட்டனின் இரண்டாவது பெரிய கட்டுமான நிறுவனமான கரிலியன் கலைக்கப்படுகிறது. உலகம் முழுக்க 43,000 ஊழியர்கள், பிரிட்டனில் மட்டும் சுமார் 450 அரசு ஒப்பந்தங்கள், பொருளும் வேலையும் தந்துகொண்டிருந்த 30,000 சிறு, நடுத்தர நிறுவனங்கள். அன்று கையிருப்பு 2.9 கோடி பவுண்டு. கொடுக்க வேண்டியது ஏறத்தாழ 700 கோடி பவுண்டு. திவால் நிலையில் ஒரு நிர்வாகியை அமர்த்தி, ஓடும் தொழிலைப் பிரித்து விற்றுக் காப்பாற்றுவது அங்கே வழக்கம். கரிலியனில் அந்த நிர்வாகிக்குச் சம்பளம் கொடுக்கவே பணம் இல்லை. அதனால் நேராகக் கட்டாயக் கலைப்புக்குப் போனது.

1999-ல் டார்மாக் நிறுவனத்திலிருந்து பிரிந்து பிறந்தது கரிலியன். தலைமையகம் உல்வர்ஹாம்ப்டன். சாலை, ரயில் பாதை, மருத்துவமனை கட்டியது. பள்ளிகளில் மதிய உணவு போட்டது. சிறைகளில் பராமரிப்பு வேலை பார்த்தது. 2016-ல் விற்றுமுதல் 520 கோடி பவுண்டு. பங்குதாரர்களுக்குத் தரும் லாபப் பங்கான டிவிடெண்டைத் தொடர்ந்து 16 ஆண்டுகள் ஆண்டுக்கு ஆண்டு கூட்டிக்கொண்டே வந்தது. 2017 ஜூலை 10 அன்று, ஒப்பந்தங்களில் 84.5 கோடி பவுண்டு வராது என்று எழுதித் தள்ளுவதாக அறிவித்தது. அதன் பிறகு ஆறே மாதம்.

கரிலியன் ஒரே நாளில் விழவில்லை. ஒவ்வொரு பிழையும் கணக்குப் புத்தகத்தில் கண்ணுக்குத் தெரியும்படியே இருந்தது. ஒப்பந்தம் எடுப்பவர்களும், பெரிய நிறுவனத்துக்குக் கீழே வேலை செய்பவர்களும் எதை எங்கே பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

வேலை முடியும் முன் லாபத்தை எழுதுவது

எல்லாவற்றுக்கும் வேர் இதுதான். கட்டுமானக் கணக்கில் வருமானத்தை வேலை முடிந்த விகிதப்படி எழுதுவார்கள். முறையில் தவறில்லை, மதிப்பீடு பொய்த்தால்தான் ஆபத்து. 100 கோடிக்கு ஒரு வேலை எடுத்திருக்கிறீர்கள். மொத்தச் செலவு 95 கோடி ஆகும் என்று கணித்திருக்கிறீர்கள். இதுவரை 38 கோடி செலவு. 95-ல் 38 என்பது 40 சதவீதம். எனவே வருமானம் 40 கோடி, லாபம் 2 கோடி என்று எழுதுவீர்கள். இப்போது மொத்தச் செலவு உண்மையில் 104 கோடி ஆகும் என்று தெரிகிறது. முடிந்த வேலை 36.5 சதவீதமாகச் சுருங்கிவிடும். அது மட்டும் அல்ல, வரப்போகும் நஷ்டம் முழுவதையும் அந்த ஆண்டே எழுத வேண்டும். 2 கோடி லாபம் ஒரே இரவில் 4 கோடி நஷ்டம் ஆகிறது. சைட்டில் ஒரு செங்கல்கூட அசையவில்லை. மாறியது ஒரு எண், அவ்வளவுதான்.

அந்த ஒரு எண்ணை யார் முடிவு செய்கிறார் என்பதே கேள்வி. லிவர்பூலில் ராயல் மருத்துவமனையைக் கட்டும் 33.5 கோடி பவுண்டு ஒப்பந்தம் கரிலியனிடம் இருந்தது. 2017 மார்ச்சில் திறந்திருக்க வேண்டும். கான்கிரீட் பீம்களில் விரிசல் கண்டது. தாங்கு வேலை செய்ய வேண்டி வந்து காலம் இழுத்தது. 2016 நவம்பரில் நிறுவனத்துக்குள்ளேயே நடந்த ஆய்வு, இந்த வேலையில் 12.7 சதவீதம் நஷ்டம் காட்ட வேண்டும் என்றது. மேல் நிர்வாகமோ 4.9 சதவீதம் லாபம் என்றே நின்றது. இரண்டுக்கும் இடையில் அந்த ஆண்டு லாபத்தில் வந்த வித்தியாசம் சுமார் 5.3 கோடி பவுண்டு. அந்த மருத்துவமனை கடைசியில் நோயாளிகளுக்குத் திறந்தது 2022 அக்டோபரில்.

எனவே மதிப்பீட்டைத் திருத்தும் அதிகாரம் சைட் பொறியாளரிடமும் அளவு எடுப்பவரிடமும் இருக்கட்டும். மேலிருந்து யாராவது அதை மாற்றினால், மாற்றியவர் பெயரோடும் காரணத்தோடும் எழுத்தில் வையுங்கள். இன்னொன்று: வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொள்ளாத கூடுதல் வேலை, க்ளெய்ம் (நீங்கள் கேட்டிருக்கும் கூடுதல் பணம்) எதையும் வருமானமாக எழுதாதீர்கள். கத்தார் தலைநகர் தோஹாவின் முஷைரிப் கட்டுமானத் திட்டத்தில் தனக்கு 20 கோடி பவுண்டு வர வேண்டும் என்றது கரிலியன். கரிலியன்தான் எங்களுக்குத் தர வேண்டும் என்றது எதிர்த்தரப்பு. இப்படிப்பட்ட பணத்தை வைத்து யாருக்கும் கூலி கொடுக்க முடியாது.

ஆண்டுக் கடைசி நாள் கடனை மட்டும் பார்ப்பது

2016 டிசம்பர் 31 அன்று கரிலியனின் நிகரக் கடன் (கடனில் கையிருப்பைக் கழித்தது) 21.9 கோடி பவுண்டு. அதே ஆண்டின் சராசரிக் கடன் 58.7 கோடி. கணக்கு முடிக்கும் நாள் நெருங்கும்போது வர வேண்டியதை விரட்டி வசூலித்து, கொடுக்க வேண்டியதைத் தள்ளிப்போட்டால் அந்த ஒரு நாள் கணக்கு அழகாகத் தெரியும். கடைசி நாள் கடனைவிடச் சராசரி இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால், அந்த நிறுவனம் அன்றாடம் கடனில்தான் மூச்சு விடுகிறது என்று பொருள். ஒரு நிறுவனத்தை எடைபோட உங்களுக்கு ஐந்து நிமிடம்தான் இருக்கிறது என்றால், இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். உங்கள் சொந்தக் கணக்கிலும் மாதக் கடைசி பாக்கியை 12 மாதத்துக்கு எழுதிச் சராசரி எடுங்கள்.

சப்ளையரின் பணத்தில் தொழில் நடத்துவது

பில்லுக்குப் பணம் தர கரிலியன் வைத்திருந்த வழக்கமான தவணை 120 நாள். அவ்வளவு காலம் காத்திருக்க முடியாதவர்களுக்கு 2013-ல் ஒரு வழி வைத்தார்கள்: பில்லை கரிலியன் ஒப்புக்கொண்டதும் வங்கி சீக்கிரமே பணம் தந்துவிடும், அதற்கு ஒரு தொகையைக் கழித்துக்கொள்ளும், கரிலியன் தன் தவணைப்படி பிறகு வங்கிக்குக் கட்டும். பார்க்க இது சப்ளையருக்குச் செய்யும் உதவி. உண்மையில் வங்கியிடம் கரிலியன் வாங்கிய கடன். ஆனால் கணக்கில் அது கடன் என்ற தலைப்பில் வரவில்லை, "இதர கடன் கொடுத்தவர்கள்" என்ற தலைப்பில் போய் உட்கார்ந்தது. இப்படிக் கண்ணில் படாமல் இருந்த தொகை 49.8 கோடி பவுண்டு வரை இருக்கும் என்று கடன் தர மதிப்பீட்டு நிறுவனமான மூடீஸ் கணித்தது. மேலே சொன்ன 21.9 கோடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கொடுக்க வேண்டிய பாக்கிகளில் "இதர" என்ற வரி ஆண்டுதோறும் வீங்கி, விற்றுமுதல் அந்த அளவு வளரவில்லை என்றால் அந்த வரியின் அடிக்குறிப்பைத் தேடிப் படியுங்கள். குறிப்பே இல்லையென்றால் அதுவே பதில்.

வளர்ச்சியை விலைக்கு வாங்குவது

2006-ல் மௌலம், 2008-ல் ஆல்ஃப்ரெட் மெக்கால்பைன், 2011-ல் ஈகா என்று மூன்று நிறுவனங்களைக் கரிலியன் வாங்கியது. வீடுகளுக்கு ஆற்றல் சிக்கன வேலை செய்த ஈகாவுக்குக் கொடுத்த விலை 29.8 கோடி பவுண்டு. சூரிய மின்சாரத்துக்கான அரசு மானியம் வெட்டப்பட, அடுத்த ஐந்து ஆண்டில் அந்தத் தொழில் 26 கோடி பவுண்டு நஷ்டம் கண்டது. ஆனாலும் வாங்கிய விலையில் சொத்துக்கு மேல் கொடுத்த பகுதியான குட்வில், புத்தகத்தில் குறைக்கப்படாமலே நின்றது. 2016 முடிவில் மொத்தக் குட்வில் 157 கோடி. நிறுவனத்தின் நிகரச் சொத்து மொத்தமே 73 கோடி. குட்வில்லை எடுத்துவிட்டால் மிச்சம் 84 கோடி பள்ளம்தான். இந்தக் கழித்தலுக்கு ஒரு நிமிடம் போதும். பங்கு வாங்குபவரும் ஒப்பந்தம் கொடுப்பவரும் இதைச் செய்யாமல் விட்டதுதான் வருத்தம்.

டிவிடெண்ட் கதையும் இதே தான். 2012 ஜனவரி முதல் 2017 ஜூன் வரை தொழிலிலிருந்து வந்த ரொக்கத்தைவிட 33.3 கோடி பவுண்டு அதிகமாகப் பங்குதாரர்களுக்குக் கொடுத்தார்கள். கடைசித் தவணை போனது, முதல் எச்சரிக்கையான 2017 ஜூலை அறிவிப்புக்கு ஒரு மாதம் முன்பு. 27,000 பேரின் ஓய்வூதியத் திட்டங்கள் அப்போதும் பற்றாக்குறையில் கிடந்தன.

"அரசு வேலை, பணம் எங்கே போகும்" என்று நம்புவது

கீழே வேலை செய்தவர்களை அதிகம் கவிழ்த்தது இந்த நம்பிக்கை. முதல் எச்சரிக்கை வந்த ஒரே வாரத்தில் ஹெச்எஸ்2 அதிவேக ரயில் திட்டத்தில் கரிலியன் கூட்டணிக்கு ஒப்பந்தம் கிடைத்தது. அரசே கொடுக்கிறதே என்று பலர் தைரியமாக இருந்தார்கள். அரசின் பணம் முதன்மை ஒப்பந்ததாரரின் கணக்குக்குத்தான் வரும். அவர் திவாலானால் உங்கள் பாக்கி ஈடில்லாக் கடன், அதாவது எந்தச் சொத்தும் அடமானமாக இல்லாத கடன். கரிலியன் சப்ளையர்களுக்கு வைத்துவிட்டுப் போன பாக்கி ஏறத்தாழ 200 கோடி பவுண்டு. ஈடில்லாமல் கடன் கொடுத்தவர்கள் பெரும்பாலோர் கையில் வந்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை.

உங்கள் ஆபத்தை எண்ணால் பாருங்கள். மாதம் 20,000 பவுண்டுக்கு வேலை, தவணை 120 நாள். நான்கு மாதப் பில் 80,000. இன்னும் பில் போடாத இந்த மாத வேலை 20,000. பிடித்தப் பணத்தை (வேலை சரியாக முடியும்வரை பில்லில் பிடித்து வைக்கும் தொகை) சேர்க்காமலே ஒரு லட்சம் பவுண்டு வெளியே நிற்கிறது. உங்கள் லாபம் 5 சதவீதம் என்றால், அந்த ஒரு லட்சத்தை ஈட்ட 20 லட்சம் பவுண்டுக்கு வேலை செய்ய வேண்டும். இதே வேகத்தில் 100 மாதம், எட்டு ஆண்டுக்கு மேல். ஆகவே ஒரே நிறுவனத்திடம் இவ்வளவுக்கு மேல் பாக்கி நிற்கக்கூடாது என்று ஓர் உச்சவரம்பை வேலை எடுக்கும் முன்பே போடுங்கள். பாக்கி அதைத் தொட்டதும் வேலையை நிறுத்தும் உரிமை ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும். பிடித்தப் பணத்துக்குப் பதில் வங்கி உத்தரவாதம் தர முடியுமா என்று கேளுங்கள். கொஞ்சம் கட்டணம் போனாலும் அந்தப் பணம் அடுத்தவர் திவாலில் மாட்டாது.

கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுபவர்கள் பொறுப்புப் பிரிவை இரண்டு முறை படிக்க வேண்டும். ஸ்காட்லாந்தின் அபர்டீன் புறவழிச் சாலையைக் கரிலியன், பால்ஃபர் பீட்டி, காலிஃபோர்ட் ட்ரை மூன்றும் சேர்ந்து எடுத்திருந்தன. பொறுப்பு கூட்டாகவும் தனித்தனியாகவும் என்பதால், கரிலியன் போனதும் அதன் பங்கு மற்ற இருவர் தலையில் விழுந்தது. காலிஃபோர்ட் ட்ரை 15 கோடி பவுண்டு புது மூலதனம் திரட்ட வேண்டி வந்தது. கூட்டாளியின் நிதிநிலையை உங்கள் நிதிநிலை போலவே ஆண்டுக்கு இரு முறையாவது பாருங்கள்.

கடைசியாக, சைட்டில் கிடக்கும் சரக்கு. பணம் முழுதும் வரும்வரை பொருள் என்னுடையது என்ற பிரிவு ஒப்பந்தத்தில் இருந்தாலும், கலைப்பாளர் வந்து கேட் பூட்டிய பிறகு எது உங்களுடையது என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். சுவரில் பொருத்திவிட்ட குழாயும் கேபிளும் கட்டடத்தோடு போய்விடும். அதைக் கேட்க முடியாது. பொருத்தாமல் இருக்கும் சரக்கைத் தனியாக அடுக்கி, ஒவ்வொரு கட்டிலும் உங்கள் நிறுவனப் பெயர், டெலிவரி சலான் எண், தேதி எழுதிய அட்டை கட்டுங்கள். வாரத்துக்கு ஒரு முறை தேதி தெரியப் படம் எடுத்து அலுவலகத்தில் வையுங்கள். இரண்டு வார வேலைக்கு மேல் சரக்கு இறக்காதீர்கள். வாடகைக்கு எடுத்த ஜெனரேட்டர், சாரக்கட்டு எதுவானாலும் வாடகை ரசீதின் நகல் சைட்டுக்கு வெளியே இருக்கட்டும்.