முழங்கால், தோள் வலிக்குச் சிவப்பு ஒளி: வீட்டில் தொடங்குவது எப்படி?

பாம்பன் பக்கம் பாசி எடுக்கிற அக்காமாருக்கு முழங்கால் வலி, வலை இழுக்கிறவர்களுக்குத் தோள்வலி. தைலம் தீர்ந்ததும் பலர் வாங்குவது சூடு கொடுக்கிற சிவப்பு பல்பு. நான் சொல்லப்போகும் எல்இடி விளக்கு வேறு. பல்பு சூட்டால் வலியைத் தணிக்கும். எல்இடி ஒளியோ செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவைத் தூண்டி வீக்கத்தைக் குறைப்பதாகக் கருதுகிறார்கள்.

வாங்கும்போது அலைநீளத்தைப் பாருங்கள், ஒளி எந்த வகை என்று சொல்லும் எண் அது. 660 நானோமீட்டர் சிவப்பு தோலுக்கு அருகிலேயே நின்றுவிடும். மூட்டுக்கும் தசைக்கும் 810 முதல் 850 வரையுள்ள அகச்சிவப்பு வேண்டும். 850 எரிவது கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும். கெட்டுப்போன சாமான் என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். செல்ஃபி கேமராவை எதிரே பிடித்தால் பெரும்பாலும் வெளிர் ஊதாவாகப் பளிச்சிடும்.

அடுத்தது அளவு. எல்லாமே இதில்தான் இருக்கிறது. எத்தனை அங்குல தூரத்தில் வைத்தால், சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிவாட் என்று கையேட்டில் இருக்கும். அந்த மில்லிவாட்டை நொடிகளால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால், ஒரு சதுர சென்டிமீட்டரில் விழும் ஒளியாற்றல் ஜூல் கணக்கில் கிடைக்கும். 50 மில்லிவாட், 120 நொடி என்றால் 6 ஜூல். தொடக்கத்துக்கு அது போதும். கூட்டிக்கொண்டே போனால் பலன் கூடாது, குறையவும் செய்யும். எட்ட வைத்தால் வலு இறங்கும், அதனால் தூரத்தை மாற்றாதீர்கள்.

உப்புத்தண்ணீரும் தைலமும் போகக் கழுவித் துடைத்துவிட்டு, வெறும் தோலில் படவிடுங்கள். துணி ஒளியை மறைக்கும். முழங்கால் என்றால் அடியில் தலையணை வைத்து லேசாக மடக்கி, சில்லுக்கு இரு பக்கமும் மூட்டு இணையும் பள்ளத்தில் காட்டுங்கள். சில்லின் மேலே நேராகக் காட்டுவதில் பயன் குறைவு, எலும்பு தடுக்கும். வெயிலில் கறுத்த தோல் ஒளியை அதிகம் உறிஞ்சும். சுள்ளென்று சுட்டால் உடனே நிறுத்துங்கள். சர்க்கரையால் கால் மரத்தவர்களுக்குச் சூடு உறைக்காது, அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். விளக்கைக் கண்ணால் பார்க்கவும் கூடாது.

வாரம் மூன்று நாலு நாள், ஒரு மாதமாவது தொடருங்கள். விசைப்படகுக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தோதான நேரம். கூடவே தொடைத் தசைக்குப் பயிற்சியும் செய்யுங்கள். மூட்டுத் தேய்மானத்தில் வலி குறைந்ததாகச் சொல்லும் ஆய்வுகள் உண்டு, பெரிதாகப் பலனில்லை என்பவையும் உண்டு. தேய்ந்த குருத்தெலும்பு வளரும் என்று சொல்லி விற்பவரிடம் வாங்காதீர்கள்.

புற்றுநோய்க் கட்டி உள்ள இடம், கர்ப்பிணியின் வயிறு, இரண்டிலும் கூடாது. டாக்ஸிசைக்ளின் போல, தோலுக்கு வெயில் ஒவ்வாமல் செய்யும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மூட்டு திடீரென்று சிவந்து வீங்கிக் காய்ச்சலும் வந்தால் விளக்கை ஓரமாக வைத்துவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நம் ஊர் உப்புக்காற்றில் சார்ஜர் முனை சீக்கிரம் துரு பிடிக்கும். உலர்ந்த துணியால் துடைத்து, மூடி இறுகும் டப்பாவில் வையுங்கள்.