“தண்ணி வேணுமா?” என்றால் தாகம் என்று அர்த்தம்: ஆட்டிசம் உள்ள குழந்தையை வளர்க்கும்போது நாம் செய்யும் தவறுகள்

என் மகனுக்கு நாலு வயது இருக்கும்போது, தாகம் எடுத்தால் என்னிடம் வந்து “தண்ணி வேணுமா?” என்று கேட்பான். நானும் “எனக்கு வேண்டாம்டா கண்ணா” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பேன். இன்னொரு முறை கேட்பான். மூன்றாவது முறை தரையில் விழுந்து கத்துவான். பல மாதம் இப்படியே ஓடியது. தனக்குத் தாகம் என்றுதான் அவன் சொல்கிறான் என்பது ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட் சொல்லித்தான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு முறை டம்ளரை நீட்டும்போதும் நான் சொன்ன வாக்கியம் அது. அந்த வாக்கியம் வந்தால் தண்ணீர் வரும் என்று அவன் கணக்குப் போட்டிருக்கிறான். கணக்கில் பிழை ஒன்றும் இல்லை.

கேட்ட வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொல்லும் இதற்கு எக்கோலாலியா என்று பெயர். கிளிப்பிள்ளை மாதிரி சொல்கிறான் என்று ஒதுக்குவதும், “அப்படிச் சொல்லாதே” என்று அதட்டுவதும் நிறைய வீடுகளில் நடக்கிறது. தன்னையே ‘நீ’ என்று சொல்லும் குழந்தைகளும் உண்டு, காரணம் இதேதான். குழந்தை சொல்ல வேண்டிய வாக்கியத்தை அதன் இடத்திலிருந்து நாம் சொல்ல வேண்டும். “எனக்குத் தண்ணி வேணும்” என்று சொல்லிக்கொண்டே டம்ளரைக் கொடுங்கள். அதைத் திருப்பிச் சொல்லும்வரை எட்டாத உயரத்தில் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். தாகத்தில் நிற்கும் யாருக்கும் இலக்கணம் ஏறாது.

சில வாக்கியங்கள் பல நாள் கழித்து, சம்பந்தமே இல்லாத இடத்தில் வரும். முடிவெட்டும் நாற்காலியில் உட்கார வைத்தால் இவன் “ஓடு ஓடு, பூதம் வருது!” என்பான். கார்ட்டூன் வசனம். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரித்திருக்கிறேன். அவனோ “எனக்குப் பயமா இருக்கு” என்று தெளிவாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

அடுத்தது, அடத்தையும் மெல்ட்டவுனையும் ஒன்றாகப் பார்ப்பது. அடம் பிடிக்கும் குழந்தை நாம் கவனிக்கிறோமா என்று ஓரக்கண்ணால் பார்க்கும். கேட்டது கிடைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். மெல்ட்டவுன் எதைக் கொடுத்தாலும் நிற்காது. தாங்க முடியாத அளவுக்குச் சத்தமோ வெளிச்சமோ மாற்றமோ சேர்ந்து, தலை நிரம்பி வழிவது அது. ஆட்டிசத்தைக் கண்டறியும் அளவுகோல்களில் இந்தப் புலன் வேறுபாடுகளை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல்தான் சேர்த்தது. அதற்கு முந்தைய தலைமுறைக் குழந்தைகள் எத்தனை அடி வாங்கியிருப்பார்களோ.

அந்த நேரத்தில் நம் வாய் சும்மா இருப்பதில்லை. “என்ன ஆச்சு? ஏன் அழற? எல்லாரும் பாக்குறாங்க பாரு!” ஏற்கெனவே நிரம்பி வழிகிற தலைக்குள் இன்னும் மூன்று வாக்கியம். பேச்சை நிறுத்துங்கள், முடிந்தால் சத்தமில்லாத இடத்துக்குக் கூட்டிப் போங்கள், இடிபடாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். பாடம் நடத்துவதெல்லாம் அப்புறம். எல்லாம் அடங்கிய பிறகு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: எத்தனை மணி, அதற்கு முன்னால் என்ன நடந்தது, பசியா, முந்தின இரவு தூக்கம் எப்படி. இரண்டு மூன்று வாரம் எழுதினாலே ஏதாவது பிடிபடும். எங்கள் நோட்டில் பிடிபட்டது கை உலர்த்தும் மெஷின். பொதுக் கழிவறையில் கையை நீட்டினால் உறுமுமே, அது. அது இருக்கும் கட்டடத்துக்குள் நுழையவே மறுப்பான். நாங்கள் அதை ‘வெளியே போனாலே ரகளை’ என்று சொல்லிக்கொண்டிருந்தோம். காதை மூடும் ஹெட்போன் ஒன்று வாங்கியதும் பாதிப் பிரச்சினை போனது.

“என் கண்ணைப் பார்த்துப் பேசு” என்று முகவாயைப் பிடித்துத் திருப்புவதை விட்டுவிடுங்கள். கண்ணைப் பார்த்தால் காதில் விழுவது குழம்பிவிடுகிறது என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் சொல்கிறார்கள். கையை உதறுவது, ஆடுவது, சுற்றுவது எல்லாம் அவர்கள் தங்களைச் சமநிலையில் வைத்துக்கொள்ளும் வழி; தனக்கோ பிறருக்கோ காயம் வராதவரை தடுக்க வேண்டியதில்லை. தலையை முட்டிக்கொள்வதும் கையைக் கடித்துக்கொள்வதும் வேறு விஷயம், அதற்கு உதவி தேட வேண்டும்.

திடீரென்று வந்த எந்தப் பழக்கத்துக்கும் முதலில் உடம்பைப் பாருங்கள். இவன் ஒரு வாரம் காதில் அடித்துக்கொண்டபோது, ‘கவனத்தை ஈர்க்கச் செய்கிறான், கண்டுகொள்ளாதீர்கள்’ என்று ஓரிடத்தில் சொன்னார்கள். நம்பினோம். உள்ளே சீழ் வைத்திருந்தது. பல்வலி, மலச்சிக்கல், வயிற்று எரிச்சல் எல்லாமே இப்படித்தான் கோபமாகவோ தூக்கமின்மையாகவோ வெளியே வரும்.

இன்னும் சின்னக் குழந்தையாக இருந்தால், “அவங்க அப்பாகூட லேட்டாத்தான் பேசினார்” என்று காத்திருப்பதுதான் பெரிய தவறு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, விரல் நீட்டி எதையும் காட்டாதது, வந்த வார்த்தைகள் மறைந்து போவது, இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் டாக்டரிடம் போய்விடுங்கள். 18 மாதத்திலும் 24 மாதத்திலும் எல்லாக் குழந்தைகளையும் ஆட்டிசத்துக்காகப் பரிசோதிக்க வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரை. காது கேட்கும் திறனையும் சோதித்துவிடுங்கள். ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ ஆட்டிசத்தைச் சொல்லாது; குழந்தையைக் கவனித்து, பெற்றோரிடம் கேட்டுத்தான் சொல்ல முடியும்.

ஆட்டிசம் என்று தெரிந்ததும் பழி போடும் படலம் தொடங்கும். 1943-இல் லியோ கானர் என்ற குழந்தை மனநல மருத்துவர் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதியபோதே பெற்றோரிடம் பாசம் குறைவு என்று ஒரு குறிப்பும் சேர்ந்துகொண்டது. அதைப் பிடித்துக்கொண்டு, அம்மாக்கள்தான் காரணம் என்று பல ஆண்டுகள் குற்றம் சாட்டினார்கள். 1977-இல் இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வு, மரபணுவின் பங்கு பெரிது என்று காட்டியது. தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற கதையும் இதே ரகம்: 1998-இல் வெறும் 12 குழந்தைகளை வைத்து வந்த கட்டுரை அது. வெளியிட்ட ‘லான்செட்’ மருத்துவ இதழே 2010-இல் அதைத் திரும்பப் பெற்றது; எழுதிய டாக்டரின் மருத்துவப் பதிவும் அதே ஆண்டு பறிபோனது.

குற்ற உணர்ச்சி இருக்கும் இடத்தில் வியாபாரியும் வந்து நிற்பான். உடம்பிலிருந்து உலோகத்தை எடுக்கிறோம் என்று செய்யும் கீலேஷன் சிகிச்சையில் 2005-இல் அமெரிக்காவில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். துணி வெளுக்கும் ரகத்தைச் சேர்ந்த குளோரின் டை ஆக்சைடைக் குடிக்கக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். “ஆறு மாசத்துல முழுசா குணமாக்கிடலாம்” என்று யாராவது சொன்னால், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

பட அட்டையோ பேசும் டேப்லெட்டோ பழக்கினால் பேச்சே வராமல் போய்விடும் என்ற பயமும் பரவலாக இருக்கிறது. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. சில குழந்தைகளுக்குப் பேச்சு கொஞ்சம் கூடவே செய்கிறது. இரண்டு மொழி குழப்பும் என்று வீட்டில் தமிழை நிறுத்தச் சொல்வதற்கும் ஆதாரம் இல்லை. அம்மாவும் பாட்டியும் எந்த மொழியில் கொஞ்சுவார்களோ, அதுவே இருக்கட்டும்.

அப்புறம், குழந்தை பேசவில்லை என்பதற்காக அதன் எதிரிலேயே “இவன் ஒண்ணும் புரிஞ்சுக்க மாட்டான்” என்று விருந்தாளியிடம் சொல்லாதீர்கள். காது வேலை செய்கிறது.

கடைசியாக, பலரும் பட்டபின் யோசிக்கும் ஒன்று. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேர், நாலு வயதுக்குப் பிறகு ஒரு முறையாவது பாதுகாப்பான இடத்தை விட்டு நழுவிப் போகிறார்கள் என்று 2012-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று சொல்கிறது. தண்ணீர் பலரை இழுக்கும். கதவின் மேல்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள், சட்டைக்குள் போன் நம்பரைத் தையுங்கள், நீச்சல் கற்றுக்கொடுங்கள், அக்கம்பக்கத்தில் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். என்றாவது குழந்தையைக் காணவில்லை என்றால், மாடிப்படியையும் கட்டிலுக்கு அடியையும் வேறு யாராவது பார்க்கட்டும். நீங்கள் முதலில் பக்கத்தில் இருக்கும் குளம், கிணறு, தொட்டிப் பக்கம் ஓடுங்கள்.